வேட்டியை அளந்து விமானத்தைப் படமெடுத்த கதை

போன ஆடி மாதத்தில் ஒரு மாலை, மணி ஐந்தே முக்கால். வலையங்குளம் பக்கத்தில் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் நின்று எடுத்த படத்தில்தான் முதன்முறையாக ஒரு விமானத்தின் முதுகும் வயிறும் ஒருசேரத் தெரிந்தன. முதுகு வெள்ளை. தகடுகள் சேரும் கோடுகள்கூட அதில் தெரிகின்றன. வயிறு கருநீலம். அது கறுத்துப் போகாமல் நீலமாகவே நிற்கிறது. வால் பக்கம் ‘விடி’ (VT) என்று தொடங்கும் பதிவெழுத்துகளைக் கண்ணாடி போடாமலே வாசிக்க முடிகிறது. இந்த ஒரு படத்துக்கு எட்டு மாதமும் 14 பயணமும் ஆயின. இடையில் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் பெரும்பாலானவை காக்கையா விமானமா என்று கேட்கும்படி இருந்தன. என் மகள் அப்படித்தான் கேட்டாள்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். தெற்குவாசல் பக்கம் சின்னக் கடை. படமெடுப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. கையில் இருப்பது பழைய நிகான் டி5600, கூடவே 70-300 லென்ஸ். இரண்டும் சேர்த்து இரண்டாம் கையாக 31,500 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தக் கேமராவில் ஒரே ஒரு சக்கரம்தான். அதை ஒரு பல் நகர்த்தினால் வெளிச்சம் மூன்றில் ஒரு ஸ்டாப் மாறும். மூன்று பல் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். ஸ்டாப் கணக்கு எனக்கு வாயில் வராது. கடையில் கம்பிச் சுற்றுகளை விரலால் எண்ணியே பழகியவன் என்பதால் இதையும் ‘கிளிக்’ கணக்கிலேயே எழுதி வைத்தேன். கீழே வருவதெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலைய மதிலை ஒட்டி நின்று நான் எடுத்ததே இல்லை. அங்கே கேமராவோடு நின்றால் கேள்வி வரும், வருவதும் நியாயம். எடுத்தவை எல்லாம் தள்ளியுள்ள கண்மாய்க் கரையிலிருந்தும், உரியவரிடம் கேட்டு நின்ற தோட்டங்களிலிருந்தும் எடுத்தவை. தள்ளி நிற்பதில் ஒரு நன்மையும் உண்டு. விமானங்கள் பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்குகின்றன. தரை தொடும் இடத்துக்கு 2 கிலோமீட்டர் முன்னால் அவற்றின் உயரம் ஏறத்தாழ 105 மீட்டர். அண்ணாந்து வயிற்றை மட்டும் பார்க்காமல், பக்கவாட்டிலும் பார்க்கிற கோணம் அங்கே கிடைக்கும்.

மார்கழி, நிலையூர் பக்கம்

டிசம்பர் கடைசியில் தொடங்கினேன். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் மேற்கே நிலையூர், திருப்பரங்குன்றம் பக்கமிருந்து வந்து கிழக்கு நோக்கி இறங்கின. நான் அந்த வழிக்குத் தெற்கே நின்றேன். முதுகுக்குப் பின்னால் தென்கிழக்குச் சூரியன். இடம் சரியானதுதான், ஆனால் சரி என்று தெரிந்து நிற்கவில்லை. டீக்கடை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். இந்த அறியாமைக்கு ஜூன் மாதம் வட்டியோடு கட்டினேன்.

முதல் நாள் ‘ஏ’ நிலையில் வைத்தேன். லென்ஸ் துளை எஃப்/8 (எண் கூடினால் துளை சுருங்கும்), சென்சாரின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அது 1/1600 நொடி வைத்தது. வந்தது நிழலுருவம். கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம். படத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளுத்த மார்கழி வானம் என்றால், அது வானத்தைச் சாம்பலாக்கிவிட்டு விமானத்தைக் கரியாக்கும். பிறகு வீட்டில் கணக்குப் பார்த்தால் அன்றைக்கு வேண்டியிருந்தது 1/320. ஏழு கிளிக் தவறு.

அடுத்த ஞாயிறு ஸ்பாட் மீட்டரிங், அதாவது படத்தில் ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது. விமானத்தை மட்டும் அளந்தால் வானம் தொல்லை செய்யாது என்று நினைத்தேன். நினைப்பு சரி, விமானம் நின்று கொடுத்தால்! இறங்கும் ஏர்பஸ் நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் போகிறது. அளக்கும் புள்ளி ஒரு நொடி வெள்ளை உடம்பில், அடுத்த நொடி நீல வாலில், அதற்கடுத்து இறக்கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே தெரியும் வானத்தில். எட்டுப் படத் தொடரில் ஷட்டர் 1/200-லிருந்து 1/1250 வரை ஆடியது. மூன்று வெளுத்து வெந்துவிட்டன, நான்கு கறுத்துக் கருகிவிட்டன. ஒன்று நன்றாக வந்தது. அது குருட்டு அதிர்ஷ்டம்.

மூன்றாவது முறை பழையபடி மேட்ரிக்ஸ், அதாவது படம் முழுவதையும் அளப்பது, கூடவே +1.7 ஈடு. ஐந்து கிளிக் கூடுதலாக வெளிச்சம் கொடு என்று கேமராவுக்குக் கட்டளை. வானத்தில் இருக்கும்வரை படங்கள் நன்றாகவே வந்தன, நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். விமானம் தாழ்ந்து பின்னால் பனைமரங்கள் வந்ததும் கதை மாறியது. கறுத்த பனைகளைப் பார்த்த மீட்டர் தானே வெளிச்சத்தைக் கூட்டியது. அதன்மேல் என் ஐந்து கிளிக் வேறு. வெள்ளை விமானம் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஆயிற்று. வெந்த வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அங்கே தகவலே இல்லை, வெறும் தாள்தான் மிச்சம்.

விமானத்தின் மேல் விழும் வெயில் இந்த அரை நிமிடத்தில் மாறவே இல்லை. மாறியது பின்னணி மட்டும்தான். அப்படியிருக்க, ஷட்டர் ஏன் மாற வேண்டும்? இந்தக் கேள்வி அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது அவனியாபுரத்தில் சிக்னலுக்கு நிற்கையில்தான் தோன்றியது. எல்லாவற்றையும் நானே வைத்துப் பூட்டும் ‘எம்’ நிலைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மொட்டை மாடியில் ஒரு தெர்மோகோல் விமானம்

வாரத்துக்கு ஒரு முறை 26 கிலோமீட்டர் போய்த் தோற்றுவருவதைவிட வீட்டிலேயே தோற்கலாம் என்று பிப்ரவரியில் ஒரு மாதிரி செய்தேன். இரண்டடி நீளத் தெர்மோகோல் உடம்பு, அட்டை இறக்கை. இண்டிகோ விமானங்களைப் போல மேலே வெள்ளையும் வயிற்றில் கருநீலமும் மகள் பூசிக் கொடுத்தாள். துணி காயப்போடும் கம்பியில் தங்கூசி நரம்பால் கட்டித் தொங்கவிட்டேன். செலவு 90 ரூபாய். நடுத்தரச் சாம்பல் அட்டை ஒன்று 280 ரூபாய்.

காலை எட்டு மணி வெயிலில், எஃப்/8, ஐஎஸ்ஓ 200 வைத்து ஒவ்வொரு பகுதியையும் ஸ்பாட்டில் அளந்தேன். சாம்பல் அட்டை 1/800 என்றது. என் உள்ளங்கை 1/1250, அட்டையைவிட இரண்டு கிளிக் வெளுப்பு. (கை ஆளுக்கு ஆள் மாறும், அவரவர் கையை அவரவர் அளந்துகொள்ள வேண்டும்.) வெயில் படும் வெள்ளை உடம்பு 1/3200. நிழலில் கிடக்கும் நீல வயிறு 1/60. வெள்ளைக்கும் வயிற்றுக்கும் 17 கிளிக் வித்தியாசம்! இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் என்மீது எனக்கு இரக்கம் வந்தது. அப்படிப்பட்ட வெயிலில் இரண்டையும் ஒரே படத்தில் அடக்க நினைத்ததே பேராசை.

அடுத்து, வயிற்றுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். எங்கள் மாடியில் வெயில் இறங்காமலிருக்க வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறோம். அதன்மேல் பழைய சாக்குகளை விரித்து மறுபடி அளந்தால் வயிறு நான்கு கிளிக் இருண்டது. ஆக, வயிற்றுக்கு விளக்குப் பிடிப்பது தரை. வறண்ட வெளிறிய மண்ணுக்கு மேலே பறக்கும்போது கிடைக்கும் வயிறு, பச்சைத் தோட்டத்துக்கு மேலே கிடைக்காது. மாலை ஐந்தரைக்கு மாடி ஏறி அளந்தபோது, சாய்ந்த வெயில் வயிற்றுக்குள்ளேயே நுழைந்திருந்தது. வித்தியாசம் 17-லிருந்து 10 கிளிக்காகக் குறைந்தது. பத்து கிளிக் என்றால் இந்தக் கேமராவின் ரா கோப்புக்குள் (சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) தாராளமாக அடங்கும். அன்றோடு, காலை ஒன்பதுக்கு மேல் மாலை நாலரை வரை படமெடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் மதுரையில் கானல் வேறு. தூரத்து விமானம் கொதிக்கும் எண்ணெய்க்குள் கிடக்கும் அப்பளம்போல நெளியும். அதை ஷட்டர் வேகக் குறை என்று நினைத்து 1/2000 வரை கூட்டிப் பார்த்து ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன். கானலுக்கு எக்ஸ்போஷரில் மருந்து கிடையாது.

மூன்று பயணத்தைத் தின்ற காதுகுத்து

மார்ச்சில் ‘எம்’ நிலைக்கு மாறினேன். உள்ளங்கையை வெயிலில் நீட்டி, ஸ்பாட்டில் அளந்து, இரண்டு கிளிக் வெளிச்சம் கூட்டி, பூட்டிவிட்டேன். இனி வானம் எப்படி இருந்தால் என்ன, பனை எப்படி இருந்தால் என்ன!

படங்கள் மறுபடியும் ஆடின. ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. உள்ளங்கைக் கணக்கே தவறு என்று நினைத்து அடுத்த ஞாயிறு சாம்பல் அட்டையோடு போனேன். அதே ஆட்டம். அதற்கடுத்த ஞாயிறு கேமராவே பழுதோ என்று, விற்றவரிடம் சண்டைக்குப் போகும் மனநிலையில் இருந்தேன். அன்றிரவு கோப்பு விவரங்களை வரிசையாக எழுதியபோது பிடிபட்டது. ஷட்டர், துளை இரண்டும் நான் வைத்தபடியே அசையாமல் நிற்க, ஐஎஸ்ஓ மட்டும் 200, 320, 640 என்று ஏறி இறங்கியிருந்தது. ஜனவரியில் மைத்துனர் வீட்டுக் காதுகுத்தில் மண்டபத்துக்குள் எடுப்பதற்காக ஆட்டோ ஐஎஸ்ஓவைத் திறந்துவிட்டவன் மூடவில்லை. அது திறந்திருந்தால் ‘எம்’ என்பது பெயருக்குத்தான், கேமரா ஐஎஸ்ஓவை வைத்துத் தன் விருப்பப்படியே நடக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்வெர்ட்டர் இணைப்பை மறந்துபோய்க் கம்பியைத் தொட்டவன் கதை.

இப்போது கேமராப் பையின் மூடியில் உள்பக்கமாக, ‘ஆட்டோ ஐஎஸ்ஓ?’ என்று எழுதிய தாளை ஒட்டியிருக்கிறேன்.

தெற்கே நின்ற தவறு

ஜூனில் காற்று திசை மாறி மேற்கிலிருந்து வீசத் தொடங்கியது. விமானங்கள் கிழக்கே அருப்புக்கோட்டை சாலைப் பக்கமிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கின. இது தெரியாமல் இரண்டு முறை நிலையூர்க் கரையில் நின்று, ஏறிப் போகும் விமானங்களின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு வலையங்குளத்துக்கு மாறினேன். விமானம் வரும் வழிக்குத் தெற்கேயே இடம் பிடித்தேன். காரணம், ‘சூரியன் தெற்கே இருக்கும், ஆகவே தெற்கே நில்’ என்று படித்திருந்தேன், மார்கழியில் பலித்தும் இருந்தது.

காலை ஏழரைக்கு உள்ளங்கையை நீட்டி அளந்தேன். ஆட்டோ ஐஎஸ்ஓ அணைத்திருந்தேன். எல்லாம் சரி. படத்தில் விமானம் கறுப்பு. இந்த முறை ஒன்றுகூட ஆடவில்லை, எல்லாமே ஒரே சீரான கறுப்பு.

கறுப்புப் படங்களைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் நிழல் எனக்கு முன்னால் விழாமல் தெற்கே, முதுகுப் பக்கம் சாய்ந்து கிடப்பதைக் கவனித்தேன். சூரியன் வடகிழக்கில் இருந்தது. மார்ச் 21-க்கும் செப்டம்பர் 23-க்கும் இடையில் கிழக்குக்கு வடக்கே தள்ளித்தான் அது உதிக்கும். ஜூன் 21-இல் நம் ஊரில் ஏறத்தாழ 24 பாகை வடக்கே. மதுரை 10 பாகைக்குச் சற்றுக் குறைவான அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன்கூட நம் உச்சிக்கு வடக்கேதான். பள்ளிக்கூடங்களில் நிழலில்லா நாள் என்று குச்சி நட்டுக் காட்டுகிறார்களே, அந்த இரண்டு நாட்களுக்கு நடுவிலான காலம் இது. ‘தெற்கே நில்’ என்று எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்களுக்கு நண்பகல் சூரியன் ஒரு நாளும் உச்சிக்கு வடக்கே தாண்டாது.

நான் நின்றது வெயிலைப் பார்த்தபடி. என் கை வெயிலை நோக்கி இருந்தது, விமானத்தின் என் பக்கத்து உடம்பு நிழலில் இருந்தது. கை சொன்னது உண்மைதான், ஆனால் அது விமானத்தைப் பற்றிய உண்மை இல்லை. நான் பார்க்கும் பக்கத்தின்மீது எந்த வெயில் விழுகிறதோ அதே வெயிலில் கையை வைத்தால்தான் கணக்கு நிற்கும்.

அப்பத்தாவின் தோட்டம்

வடக்குப் பக்கம் இடம் தேடியபோது பழைய வேலை ஒன்று கைகொடுத்தது. போன வருடம் கருகிப்போன ஒரு 5 எச்பி மோட்டாரை ரீவைண்டிங் செய்து கொடுத்திருந்தேன். அந்தத் தோட்டம் சரியாக விமான வழிக்கு வடக்கே இருந்தது. தோட்டத்துக்காரர் எழுபதைத் தாண்டியவர். சுற்றியுள்ளவர்கள் எல்லோருக்கும் அவர் அப்பத்தா, எனக்கும் அப்படியே. விடியுமுன் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு மல்லிகை மொட்டு பறிக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவி.

நான் இரண்டு பயணம் தவறவிட்டுக் கற்ற காற்றுக் கணக்கை அவர் உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார். “மேல்காற்று அடித்தால் நம் தலைக்கு மேலே வரும் தம்பி. வாடை திரும்பிவிட்டால் அந்தப் பக்கமாகப் போய்விடும். இது தெரியாமலா இவ்வளவு நாள் அலைந்தாய்?”

முதலில் காலையில் எடுத்தேன். வடக்கே நின்றதால் கறுப்பு போய்விட்டது. ஆனால் விமானம் மேற்கே பார்த்து இறங்குகிறது, சூரியன் கிழக்கே. ஆகவே வால் பளிச்சென்று இருந்தது, மூக்கு மங்கல். மாலைக்கு மாற்றினேன். சூரியன் மேற்கே, சற்று வடக்கே சாய்ந்திருக்க, எதிரே வரும் விமானத்தின் மூக்கும் பக்கமும் வயிறும் ஒரே வெயிலில் குளித்தன. மாடியில் பார்த்த அந்தப் பத்து கிளிக் மாலை இதுதான்.

வேட்டி சோதனை தொடங்கியதும் இங்கேதான். மோட்டார் அறைக்குப் பக்கத்துக் கொடியில் அப்பத்தாவின் மகன் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. மேற்கு வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. எனக்குப் பயம் விமானத்தின் வெள்ளை வெந்துவிடுமோ என்பதுதான். சாம்பல் அட்டையும் உள்ளங்கையும் நடுத்தரத்தைச் சொல்லுமே தவிர வெள்ளை எங்கே உடையும் என்று சொல்லாது. எதிரே ஒரு வெள்ளை, விமானத்தின்மேல் விழும் அதே வெயிலில், அசையாமல் (சரி, ஆடிக் காற்றில் அசைந்துகொண்டு) தொங்குகிறது. அதையே அளந்தால் என்ன?

ஐஎஸ்ஓ 400, எஃப்/8. வேட்டியை ஸ்பாட்டில் பார்த்தால் 1/2500. வேட்டியைச் சாம்பலாக்கச் சொல்லும் எண் அது. ஆறு கிளிக் திறந்து 1/640-இல் ஒரு படம் எடுத்தேன். கேமராத் திரையில் வெந்த இடங்கள் கறுப்பு வெள்ளையாக மினுங்கும் வசதியை மெனுவில் முன்பே திறந்து வைத்திருந்தேன். மடிப்பின் மேல்விளிம்புகளில் எறும்பு ஊர்வதுபோல் மினுங்கியது. ஒரு கிளிக் குறைத்து 1/800. மினுக்கம் நின்றது. திரையில் பெரிதாக்கினால் நெசவும் கரையும் தெரிந்தன. வெளிச்சப் பரவலைக் கோடாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் நீலக் கோடு மட்டும் சிவப்பையும் பச்சையையும் முந்திக்கொண்டு வலது சுவரை நெருங்கியிருந்தது. சொட்டு நீலம் சற்றுத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். விமானத்துக்கு யாரும் சொட்டு நீலம் போடுவதில்லை, ஆகவே அதைப் பொருட்படுத்தவில்லை.

ஐஎஸ்ஓ 400, எஃப்/8, 1/800. சக்கரத்திலிருந்து விரலை எடுத்துவிட்டேன். விமானம் வந்தது. வானம் வெளுத்தது, வெளுக்கட்டும். வெள்ளை உடம்பு வேட்டியைப் போலவே நின்றது. வீட்டில் டார்க்டேபிள் மென்பொருளில் ரா கோப்பைத் திறந்து, வயிற்றின் நிழலை மட்டும் மூன்று கிளிக் அளவுக்குத் தூக்கினேன். நீலம் எழுந்து வந்தது. வெள்ளையை வெளியிலேயே காப்பாற்றிவிட வேண்டும், இருட்டை வீட்டில் சமாளிக்கலாம்.

ஆடி என்பதால் மேகத் துண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தன. மேகம் சூரியனை மறைத்தால் அங்கே ஆறு கிளிக் குறைந்தது, மூன்று மாலை அளந்து எழுதிய சராசரி இது. ஆகவே விமானம் வருமுன்பே இரண்டு எண்களைத் தயாராக வைத்துக்கொண்டேன், வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று. தரையில் மேகநிழல் ஓடிவருவது மல்லிகைச் செடிகளின்மேல் நன்றாகத் தெரியும். நிழல் விமானத்துக்கு அடியில் வந்ததும் கண்ணை எடுக்காமலே ஆறு பல் நகர்த்துவேன். 36 சுற்றுக் காயிலை வேறு பேச்சுப் பேசிக்கொண்டே எண்ணிப் பழகிய விரலுக்கு ஆறு பெரிய எண் இல்லை.

புரொப்பெல்லர்

இது இன்னும் முழுதாகக் கைவரவில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஏடிஆர் 72 விமானத்தை 1/800-இல் எடுத்தால் புரொப்பெல்லர் உறைந்து நின்று, விமானம் வானத்தில் பழுதாகி நிற்பதுபோல் இருக்கிறது. அதில் ஆறு இலைகள், முழு வேகம் நிமிடத்துக்கு 1,200 சுற்று, அதாவது நொடிக்கு 20. 1/1000-இல் இலை நகர்வது 7 பாகைதான். 1/200-இல் 36 பாகை. 1/125-இல் 58 பாகை. இலைக்கும் இலைக்கும் இடைவெளி 60 பாகை என்பதால் அது ஏறத்தாழ முழு வட்டம். கடையின் மேசை விசிறியை டாக்கோமீட்டரில் அளந்து (1,310 சுற்று) அதைப் படமெடுத்துச் சரிபார்த்தேன், கணக்கு ஒத்துப்போனது.

1/200 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கி, நல்ல வெயிலில் துளையை எஃப்/11 வரை ஒடுக்க வேண்டும். ஒடுக்கியதும் வானத்தில் ஏழு கறுப்புப் புள்ளிகள். பறவை என்று நினைத்தேன். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் பறவை பறக்காதே! சென்சார்மேல் தூசி. அகலத் துளையில் தெரியாமல் கிடந்தது ஒடுக்கியதும் உருவம் பெற்றுவிட்டது. கடையில் கம்ப்ரஸர் இருக்கிறது, கை பரபரத்தது. அதன் காற்றில் எண்ணெயும் ஈரமும் வரும் என்று நினைவு வந்ததால் தப்பித்தேன். 150 ரூபாய்க்கு ரப்பர் ஊதியை வாங்கி ஊதியதில் ஐந்து புள்ளி போனது, இரண்டு இன்னும் இருக்கின்றன. 1/200-இல் விமானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பி எடுத்த 23 படங்களில் கூர்மையானவை நான்கு. ஆடிக் காற்றில் லென்ஸ் பாய்மரம்போல ஆடியது என்று சாக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

செலவும் மிச்சமும்

கேமராவை விட்டுவிட்டால் 64 ஜிபி மெமரி அட்டை 650, சாம்பல் அட்டை 280, மாதிரி விமானம் 90, ஊதி 150, பெட்ரோல் சுமார் 740. ஆக 1,910 ரூபாய். இதில் சாம்பல் அட்டை இன்றைக்குப் பையிலேயே தூங்குகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அதை வாங்க மாட்டேன், அரை மீட்டர் வெள்ளைக் காடாத் துணி போதும். இப்போது அதைத்தான் நான்காக மடித்து வைத்திருக்கிறேன், எல்லாத் தோட்டத்திலும் வேட்டி காயாது. முதல் நாளிலிருந்தே ராவில் எடுத்திருப்பேன். நிலையூரில், கேமராவே சுருக்கிவிடும் ஜேபெக்கில் எடுத்ததில், இன்றைய அறிவோடு காப்பாற்றியிருக்கக்கூடிய இருபது படமாவது போய்விட்டது. கிளம்புமுன் காற்றின் திசையைப் பார்த்திருப்பேன்.

அடுத்து, மயில்தோகை வரைந்த வாலோடு வரும் கொழும்பு விமானத்தை நல்ல மாலை வெயிலில் பிடிக்க வேண்டும். உடம்பில் வெள்ளை அதிகம் என்பதால் துணியை இன்னும் ஒரு கிளிக் குறைத்து வைத்துப் பார்க்கலாமா என்று யோசனை. பொழுது சாய்ந்தபின் இறங்கும் விளக்குகள் எரிய வருகிறவற்றுக்கு இந்த வேட்டிக் கணக்கு உதவவே இல்லை. விளக்கைச் சுற்றி ஒளி பொங்கிவிடுகிறது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

அன்று மாலை கேமராவை நிமிர்த்திப் பிடித்து, கீழே தோட்டமும் மோட்டார் அறையும் மேலே விமானமுமாக ஒன்று எடுத்திருந்தேன். அதை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் 80 ரூபாய்க்குப் பிரதி போட்டு அப்பத்தாவிடம் கொடுத்தேன். இடம் கொடுத்தவருக்கு அதுதானே முறை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்தார். விமானத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் விரல் படத்தின் கீழ்மூலைக்குப் போயிற்று. கொடியில் கிடந்த வேட்டியில், மிளகளவுக்குப் பழுப்பாக ஒரு புள்ளி.

“வாழைக்கறை” என்றார். பிறகு மோட்டார் அறைப் பக்கம் திரும்பி, மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.